உள்ளே அசைவு

"ஸ்கிப் ஆச்சாம்மா? மத்தியானம் லிஃப்டைத் திறந்தே ஆகணும்!" மேனேஜர் கதவருகே நின்று விரட்டினார்.

அவள் லிஃப்டின் மென்பொருளைச் சோதிக்கும் பைத்தான் டெஸ்டுகளை மறுபடி ஓட்டினாள். லிஃப்டுக்குள் ஆள் அசைவதை உணரும் வயர்லெஸ் சென்சார் கிடைக்காவிட்டால், அந்த ஒரு டெஸ்டை மட்டும் ஸ்கிப் செய்து விட்டுவிடும்படி நேற்று எழுதியிருந்தாள். நேற்று அது ஸ்கிப் ஆனது.

"ஸ்கிப் ஆகல சார். பாஸ் ஆகுது."

"நல்லதுதானே! தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பியா?"

"சென்சாரே இல்லாம எப்படி சார்?"

"பழசு எங்கேயாவது கிடக்கும், பாரு."

அது எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திரையில் 'உள்ளே ஒருவர், அசைவு உண்டு' என்று வந்தது.

அந்தச் சென்சாரை மாட்டப் போய் லிஃப்ட் குழியில் விழுந்த மெக்கானிக் அண்ணனை, அதைப் பிடித்து இறுகிய விரல்களைப் பிரிக்க முடியாமல், அதோடு சேர்த்தே முந்தாநாள் புதைத்தார்கள்.