வம்சத்தின் இடப்பக்கம்

ஸ்கேன் அறையின் வாசலில், கழற்றிவிட்ட செருப்புகளுக்கும் குடிதண்ணீர் கேனுக்கும் நடுவே நின்றபடி, மானுட குலம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய ஓர் அறிவிப்பை மாமனார் வெளியிட்டார்: அவருடைய வம்சத்தில் எவருக்கும், எக்காலத்திலும், எந்த உறுப்பும் குறைந்ததில்லை.

"ரெண்டு இருக்க வேண்டியது எங்களுக்கு ரெண்டும் இருக்கும்மா. குறையுதுன்னா அது உங்கப்பா வீட்டுச் சமாச்சாரம்."

காதுகூட அவருக்கு இரண்டுதான். இரண்டையும் அவர் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை.

மருமகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு இடது சிறுநீரகம் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை அங்கேயேதான் இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கியிருந்தார். கரு ஒரு பயறு அளவு இருக்கும்போதே உள்ளே ஒரு குழாய் மொட்டு விடத் தயாராகிவிடும். எதிரே மூல செல்கள் கும்பலாகக் காத்திருக்கும். மரபணுக்கள் சொல்லிக்கொடுத்தபடி அவை மொட்டை 'வா' என்று கூப்பிடும். மொட்டு அவற்றுக்குள் புகுந்து கிளை கிளையாகப் பிரியும். கூப்பிட்ட செல்களே பிறகு வடிகட்டிகளாக மாறும்.

இடது பக்கம் அழைப்பில் ஏதோ குளறுபடி. மொட்டும் ரோஷக்கார சம்பந்தி மாதிரி, முறையாகக் கூப்பிடாத இடத்துக்குப் போகவில்லை.

வலது பக்கத்தில் வந்தது, போனால் போகிறதென்று கொஞ்சம் பெருத்துக்கொண்டு, இரண்டு பேர் வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதுவே போதும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா.

ஜவுளிக்கடைக்காரர் 'சாயம் போகாது' என்று சொல்வதைப் போலத்தான் அது அவள் காதில் விழுந்தது. புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் சரி. அப்படிப் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, நரைத்துப்போன ஒரே ஓர் ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கிவிடுவாள்.

இந்தக் குறை சில சமயம் குடும்பத்தில் ஒருவரைத் தாண்டி ஒருவருக்கு வரும், சத்தம் காட்டாமல் ஒளிந்தும் கிடக்கும், எதற்கும் வீட்டில் எல்லாரையும் பார்த்துவிடுவோம் என்று சொல்லித்தான் இன்று வரவழைத்திருந்தார்கள்.

அவளுக்கு இரண்டு. கணவனுக்கு இரண்டு. அவளுடைய அப்பாவுக்கும் இரண்டு இருந்தது. சம்பந்தியின் வாக்கைப் பொய்யாக்கிவிட்டோமே என்ற சங்கடத்தில், அந்த நல்ல மனிதர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

மாமனார் தன் முறை வந்து கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. குறையே இல்லாத சிறுநீரகம் எப்படி இருக்கும் என்று இந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு மாதிரி வேண்டாமா என்கிற பெருந்தன்மையோடு, அவராகவே கட்டிலில் ஏறிப் படுத்தார்.

ஜெல் குளிர்ந்தது. உரை நிற்கவில்லை. அவர் இதுவரை லிஃப்டில் ஏறியதில்லை. தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லை. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் பழைய ஆபீசில் அவர் குரலுக்கு இன்னமும் எழுந்து நிற்கிறார்கள்.

டாக்டரம்மா வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு திரையை மருமகளின் பக்கம் மெல்லத் திருப்பினார்.

இத்தனை வாரமாக அதே மாதிரிப் படத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருந்த கண்கள் அவளுடையவை. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கொஞ்சம் பேசாம இருங்க சார்," என்றார் டாக்டரம்மா.

மருமகள் எழுந்து போய் அவருடைய கையை, ஜெல் ஒட்டியிருந்த அந்தக் கையை, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாள் முதலாய் அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"பேசட்டும் டாக்டர். நீங்க பேசுங்க மாமா. நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்க."

கண்ணீர் வழிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இந்த வீட்டில் ஒருத்திக்காவது தன் அருமை புரிந்ததே என்று மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் கொள்ளுத் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார்.

அவருக்கும் பிறந்ததிலிருந்து ஒரு சிறுநீரகம்தான்.