குட்டை வாங்கு

இலங்கை மலையகத்துக் கம்பளையில் மழை விட்டும் வெளிச்சம் வரவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்த, சாய்மானம் இல்லாத குட்டை வாங்குப் பலகைகளில் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் முழங்கால் நெஞ்சில் முட்ட, மடியில் தாளை வைத்துக் குனிந்திருக்கிறார்கள். பேனா முனைகள் மைக்கூட்டில் தட்டும் ஓசை மட்டும் கேட்கிறது. மூன்றாம் வரிசையில் குருவம்மாள் எழுந்து நிற்கிறாள். முழுக்க நிமிர முடியாமல் ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறாள்.

"ஏன் பிள்ளை எழும்பினனீர்? இருந்து எழுதும்" என்கிறார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நேசம் டீச்சர்.

"நின்னுக்கிட்டே எழுதுறேன் டீச்சர். இடுப்பு கழண்டு போற மாதிரி வலிக்குது."

"எத்தினை நாளாய்?"

"ரெண்டு மாசமா. விடிஞ்சதும் அப்பாவோட சாப்பாட்டுக் கடைக்குப் பத்துக் குடம் தண்ணி தூக்கிட்டுத்தான் வர்றேன். வந்தா இந்த வாங்கு."

"வீட்டிலை சொல்லேல்லையோ?"

"சொன்னா படிப்பத்தான் நிறுத்துவாங்க டீச்சர். தண்ணி தூக்குறத நிறுத்த மாட்டாங்க."

 டீச்சர் தமது உயரமான மேசையிலிருந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் வைக்கிறார். குருவம்மாள் விடைத்தாளை மேசைமேல் விரித்து, நின்றபடி எழுதத் தொடங்குகிறாள். நாவலப்பிட்டி ரயில் ஊதிக்கொண்டு போகிறது.

"வேறை ஆருக்கும் நோகுதோ?"

 கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல உயர்கிறது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஜன்னலோரத்தில் மூன்று. டீச்சர் அந்தக் கைகளையும், இருக்கிற ஒரே மேசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.