வேரை வாங்கிய பிறகு

"கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஒப்பந்தத்தை ஃபிஜி மொழியில முழுசா வாசிங்க."

கேட்டேவிட்டேன். இதை மட்டும் கேட்காதே என்று சித்தப்பா இசிரேலி காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தார். விமானக் கம்பெனியிலிருந்து வந்த விருந்தாளி கொண்டுவந்த யங்கோனா வேர்க்கட்டை, எங்கள் சடங்குப் பானத்துக்கான வேரை, ஊர்த்தலைவர் கையில் வாங்கிவிட்டார். வாங்கினால் சம்மதம் என்று பொருள்; அதன் பிறகு வந்தவரைக் கேள்வி கேட்பது எங்களுக்கு அவமானம். கதவோரத்துப் பெண்களின் விசிறிகள் நின்றுவிடுகின்றன. வந்தவர் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி சிரிக்கிறார். அவர்களுடைய விமானங்கள் விடும் புகையை மரங்கள் உறிஞ்சி ஈடுகட்டுமாம்; அதற்காக எங்கள் அலையாத்திக் காட்டை முப்பது வருடம் யாரும் தொடக்கூடாதாம். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி வாசிக்கிறார்: நண்டு பிடிக்கவும் தடை. "நண்டுமா?" என்கிறாள் அம்மா. அந்த நண்டை விற்றுத்தான் என்னைத் தலைநகர் சுவாவில் படிக்க வைத்தாள். கொடுக்கு கிழித்த தழும்புகள் நிறைந்த விரல்களை மடியில் மறைத்துக்கொள்கிறாள்.

"உக்காருடி உனைசி. பட்டம் வாங்கினதும் நாக்கு நீண்டுடுச்சா?" என்று சீறுகிறார் சித்தப்பா.

"அவங்க பறப்பாங்க, நாம பட்டினி கிடக்கணும். இதுக்குப் பேரு பசுமைத் திட்டமா சித்தப்பா?"

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. "வேரை வாங்கியாச்சும்மா" என்று பாயைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டுகிறார். தாளில் பேனா கீறும் சத்தம் கூரைவரை கேட்கிறது. வெளியே கடல் வற்றிக்கொண்டிருக்கிறது. நண்டு வளைகள் தெரியும் நேரம். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கையில் எழுந்து போகிறவள் முதுகை வளைத்துத்தான் போக வேண்டும். நான் அம்மாவின் நண்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்தபடியே காட்டுப் பக்கம் நடக்கிறேன்.