டெஸ்ஸின் முதுகுவலி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துச் செம்மண் வெளியில் டெஸ்ஸுக்கு இரண்டு சின்ன வாடகை விமானங்கள் சொந்தம். ஆனாலும் ஒரு மாதமாக முதுகுவலி என்று அவர் மட்டும் எங்கே போனாலும் காரிலேயே போனார்.

அன்று ஒரு விமானம் வால் கழற்றிய நிலையில் கிடந்தது. இன்னொன்றைப் பறக்க விடமாட்டேன் என்றாள் மெக்கானிக் நோரீன்.

“ஒரு ஸ்பேனரைக் காணோம், டெஸ். இன்ஜினுக்குள்ள விழுந்திருந்தா?”

“குதிரைப் பந்தயத்துக்குப் போற கூட்டம் வெளியே கத்துது. ஒத்த ஸ்பேனருக்கு இத்தனை ஒப்பாரியா?”

“அது கிடைக்காம இது பறக்காது.”

டெஸ் டீக்குச் சர்க்கரை வாங்கி வருவதாகக் கடைத்தெருவுக்குப் போனார். சர்க்கரை இல்லாமல் திரும்பியவர், எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்தார்.

“இதோ ஸ்பேனர்! கண்ணை எங்கே வச்சிருந்தே?”

“நல்லதாப் போச்சு. ஏறுங்க.”

“நானா?”

நோரீன் சுவரைக் காட்டினாள். ‘சரியாகிவிட்டது என்று சொல்பவரே முதலில் பறக்க வேண்டும்.’ மெக்கானிக்குகளை மிரட்ட டெஸ்ஸே எழுதி மாட்டியது.

முதல் படியில் கால் வைத்ததும் டெஸ்ஸுக்கு வேர்த்துக் கொட்டியது. “இறக்கி விடு தாயே! அது இப்ப கடையில வாங்கினது!”

நோரீன் தன் பையிலிருந்து பழைய ஸ்பேனரை எடுத்துச் சுவரிலிருந்த கருவிப் பலகையில் மாட்டினாள். “இது தொலையவே இல்ல. நான்தான் எடுத்து வச்சேன்.”

“எதுக்கு?”

“போன மாசம் ஸ்க்ரூடிரைவரைக் காணோம்னப்பவும் இதே பீப்பாய்க்குப் பின்னாலதான் கண்டெடுத்தீங்க. அதை நம்பி முதல்ல பறந்தது நான். நேத்து அந்த விமானத்தோட வாலைக் கழட்டினா, தொலைஞ்ச ஸ்க்ரூடிரைவர் உள்ளே கிடக்கு.”

டெஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்த வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு இப்பதான் புரியுது டெஸ்” என்றாள் நோரீன்.