யாரும் வரலாம்

“இன்னியோட அஞ்சாவது ஞாயித்துக்கிழமை. ஒரு போன் உண்டா? உன் வீட்டுக்காரனுக்கு ஜொகூர்ல வேற அடுப்பு எரியுதுடி.”

பக்கத்து வீட்டு மங்கம்மா இதை லயத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். பிள்ளைக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்த பஞ்சாலைக்கு நெஞ்சு எரிந்தது. அவளுக்குப் பதில் எப்போதும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வரும்.

அவள் புருஷன் வீரமுத்து ஜொகூர் பலகைத் தொழிற்சாலைக்குப் போய் ஆறு மாதம். ஞாயிறு மட்டும்தான் லீவு. அவன் காயிதம் எழுதுகிற ஆள் இல்லை. பெடாஸ் பக்கத்து இந்தத் தோட்டத்தில் லயத்துச் சனத்துக்குப் போன் வரவேண்டுமென்றால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராஜமாணிக்கம் வீட்டுக்குத்தான் வரவேண்டும். ‘ஞாயித்துக்கிழமை மூணுலேருந்து நாலு. மத்த நேரத்துல என் போன் அடிக்கக்கூடாது.’ கிராணி போட்ட சட்டம் அது.

அந்த ஒரு மணி நேரத்தை வீரமுத்து ஒரு வாரம்கூட விட்டதில்லை. இப்போதுதான் இப்படி.

“இன்னிக்கும் அவன் பேசலன்னா நாளைக்கு உங்கண்ணன் உன்ன கூட்டிட்டுப் போக பகாவ்லேருந்து வேன் கொண்டாரேன்னு சொல்லிட்டாருல்ல? சட்டி பானைய கட்டி வெச்சுக்க.” மங்கம்மா விடவில்லை.

பஞ்சாலை பிள்ளையைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு கிராணி வீட்டுக்கு நடந்தாள். நாலு வாரமாக வாசலிலேயே நின்று திரும்பியவள், இன்றைக்கு உள்ளே போய்விட்டாள்.

கிராணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“ஷ்ஷ்! மீட்டிங் நடக்குது.”

அறையில் வேறு ஆளே இல்லை.

“யாரோடங்க ஐயா?”

“லண்டன், சிட்னி, மெட்ராஸ், சிங்கப்பூர். பதினோரு பேர் இதுக்குள்ள இருக்காங்க. வாயால இல்ல புள்ள, எழுத்தாலேயே பேசிக்குவோம். கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து வர்றதுக்கு நாங்களே ஒண்ணு செய்யறோம். காசு கிடையாது. செஞ்ச விதத்தையும் ஒளிக்காம திறந்து வெச்சிருக்கோம், எவரும் எடுத்துத் திருத்தலாம். கூட்டத்துக்கும் யாரும் வரலாம். பேப்பர்லயே போட்டாங்க, என் பேரோட!”

அந்தப் பேப்பர் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. எந்த வழியாக உள்ளே வரவேண்டும் என்பதுவரை அதில் இருந்தது.

“ஆனா யாரும் வரலாம்னா கழுதை குதிரையெல்லாம் வந்துடுது. மூணு வாரமா ‘பி.சி. ஏழு’ன்னு ஒருத்தன். பேர் கிடையாது, ஏதோ கம்ப்யூட்டர் கடை மெசின் நம்பர் போல. தமிழ் எழுத்துக்குன்னு கூடற கூட்டத்துல ரூமியில, இங்கிலீசு எழுத்துல, ‘அய்யா’ன்னு அடிக்கிறான். ஒரு சொல் அடிச்சதுமே அனுப்பிடறான். வரிசைப்படிதான் பேசணும்னு சட்டம் வெச்சிருக்கேன்ல? ‘அய்யா’ன்னதும் இந்த பட்டன். வெளிய! மறுபடி வருவான். மறுபடி வெளிய! கூட்டம் நடத்தறதுன்னா லேசா?”

பஞ்சாலையின் கண் போனைத் தேடியது. போன் மேசை ஓரத்தில் அநாதையாகக் கிடந்தது. சுவரிலிருந்து அதற்கு வரவேண்டிய வயர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போயிருந்தது.

“ஐயா, போன் வயரு...”

“இதுக்குத்தான். அது இல்லாம உலகத்தோட எப்படிப் பேசறது?”

“அப்ப, வெளியிலேருந்து கூப்பிட்டா?”

“எங்கேஜ்னுதான் வரும்லா.”

“எத்தன வாரமாங்க?”

“இன்னிக்கு அஞ்சாவது கூட்டம். ஒரு வாரம் தப்பினதில்ல.” கிராணி பெருமையாகச் சொன்னார்.

பஞ்சாலை பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் போட்டாள். வீட்டுக்குப் போன பிறகு வரவேண்டிய பதில், இன்றைக்கு இங்கேயே வந்துவிட்டது.

“மூணுலேருந்து நாலு எங்க நேரம்னு சொன்னது நீங்கதானேங்க?”

“லண்டன்ல அப்பதான் காலை எட்டு. சிட்னியில சாயந்திரம் அஞ்சு. எல்லாருக்கும் தோதான நேரம் அது ஒண்ணுதான். ஒவ்வொருத்தரையும் கேட்டு வெச்சது.”

“லண்டன்காரர கேட்டீங்க. சிட்னிக்காரர கேட்டீங்க. கூப்பிடு தூரத்துல லயத்துல இருக்கற எங்கள கேட்டீங்களா? வாசல்ல நாலு வாரம் நின்னேனே, ‘போன் வரல புள்ள’ன்னு நீங்கதானே சொல்லி அனுப்புனீங்க? எங்க வீட்டுக்காரர லயமே வாய்க்கு வந்தபடி பேசுது. நாளைக்கு எங்கண்ணன் வேன் கொண்டாராரு!”

கிராணி நாற்காலியை முழுசாக அவள் பக்கம் திருப்பினார்.

“யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? இதெல்லாம் எனக்கா? உங்களுக்காகத்தான்! நாளைக்கு உன் புள்ள கம்ப்யூட்டர்ல தமிழ் படிக்கும்போது தெரியும் இந்த ராஜமாணிக்கம் யாருன்னு! உலகமே வந்து உக்காந்திருக்கு, நீ ஒரு போனுக்கு...”

விரலை நீட்டி நீட்டி அவர் பேசிக்கொண்டே போனார். பஞ்சாலை அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூமி எழுத்து. ஆறாம் வகுப்பு வரை மலாய்ப் பாடத்தில் படித்ததுதான். எழுத்துக்கூட்டினாள். தடுக்க ஆளில்லாததால் ஒவ்வொரு சொல்லாக இறங்கிக்கொண்டே இருந்தது.

அய்யா

நான்

வீரமுத்து

போன்

கெடைக்கல

பஞ்சாலைய

கொஞ்சம்

கூப்பிடுங்க

கிராணி திரும்பினார். படித்தாரோ இல்லையோ, ரூமியைக் கண்டதும் பழக்கத்தில் கை பட்டனுக்குப் போனது.

“கைய எடுங்க ஐயா” என்றாள் பஞ்சாலை. “யாரும் வரலாம்னு பேப்பர்ல போட்டீங்களே, அதப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு மூணு வாரமா வந்துகிட்டுத்தான் இருக்காரு.”