துண்டுக்கு ஒரு டிக்கெட்

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பாபநாசம் வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாரப் பத்திரிகையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

கேலிச்சித்திரம். ஒரு பேருந்து. இருக்கைக்கு ஒரு துண்டு, கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறது. மனிதர்கள் கம்பியில் தொங்குகிறார்கள். நடத்துநர் ஒரு துண்டின் முன் குனிந்து, “எங்க போணும் அண்ணாச்சி?” என்று கேட்கிறார்.

“பாத்தீராவே? நம்ம ஆளுவள அப்படியே போட்டிருக்கான். இவனுவ திருந்தவே மாட்டானுவ.”

அவருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. பெயர் கருத்தையா, பத்தமடையில் உரக்கடை என்று அந்தச் சிரிப்புக்கு இடையில்தான் சொன்னார்.

வண்டி வந்தது.

அது நிற்பதற்குள் கருத்தையா ஓடினார். தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக உள்ளே வீசினார்.

நான் ஏறியபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் துண்டை விரித்திருந்தார். பேட்டையில் மச்சினன் ஏறுவானாம். நான் நடைபாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

கடைசியாக ஒரு தம்பதி ஏறினார்கள். கணவர் ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைலும் மறுகையில் மனைவியின் முழங்கையுமாக வந்தார்.

“வயித்துல ஆப்பரேசன். இன்னைக்குத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. சேரன்மாதேவி வரைக்கும் இவளால நிக்க முடியாது. யாராச்சும் இடம் குடுங்களேன்.”

எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த அம்மா துண்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒரு கை கம்பியில், மறு கை வயிற்றில். வண்டி திரும்பும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

நடத்துநர் வந்தார்.

“பத்தமடை ரெண்டு,” என்றார் கருத்தையா.

நடத்துநர் துண்டைப் பார்த்தார். “ரெண்டாவது ஆளு இவுகளா?”

வண்டியே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்தவர் தையல் இழுக்க, “அம்மா…” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

கருத்தையாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மடியில் விரிந்து கிடந்த பத்திரிகையை ஒருமுறை பார்த்தார்.

வெடுக்கென்று துண்டை உருவினார்.

“இங்கன உக்காருங்க தாயி. பைய, பைய. மச்சினன் கெடக்கான், நின்னுக்கிட்டே வரட்டும்.”

அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். கணவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

கருத்தையா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். படத்தை விரலால் தட்டினார்.

“இத வரைஞ்ச பய நம்ம பக்கத்துக்காரனாத்தான் இருக்கணும். சத்தியமாச் சொல்லுதேன், அவனும் இதே வண்டியில துண்டு போட்டு எடம் பிடிச்சவன்தான்வே.”

நான் எழுந்தேன். கணவரைக் கூப்பிட்டு என் இடத்தைக் காட்டினேன். அவர் உட்காருமுன், இடம் பிடிக்க நான் ஜன்னல் வழியாகப் போட்டிருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டேன். துவைத்துத் துவைத்தும் போகாத, படம் வரைகிற கறுப்பு மை அதில் திட்டுத் திட்டாக இருந்தது.

“துண்டு இல்ல அண்ணாச்சி,” என்றேன். “கைக்குட்டை.”