வெந்நீர்

தொட்டியில் வளர்த்த அரோவானா மீனுக்கு இரையாக, கிருபாகரன் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் கரப்பான்பூச்சிகளை வளர்த்தான். மகளுக்கு மூச்சிளைப்பு வந்தது. பூச்சிகளால்தான் என்றார் மருத்துவர். "பெட்டிய வெளிய போடுங்க," என்று மனைவி செண்பகா பலமுறை கெஞ்சினாள். "மீனு பட்டினி கெடக்கவா?" என்றான். குழந்தையை இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து அழைத்து வந்த அன்று, அவள் பெட்டிக்குள் கொதிக்கும் நீரை ஊற்றினாள்.

வேலையிலிருந்து திரும்பியவன் பெட்டியின் முன் மண்டியிட்டு, மீசை அசைகிறவற்றை மட்டும் கரண்டியால் அள்ளி ஈரத் துணியில் வைத்தான். உள்ளறையில் குழந்தைக்கு மறுபடி மூச்சு இழுத்தது.

"உதடு நீலமாவுதுங்க! ஓடிப்போய் ஆட்டோ கூப்பிடுங்க!"

"இரு," என்றான் தலை நிமிராமல். "இதுல சிலது இன்னும் உயிரோட இருக்கு."

செண்பகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.